மில் சுவருக்கு மேற்கு, இட்டேரிக்குக் கிழக்கு

பெரியப்பா வீட்டை விற்பதற்காகப் போன மாதம் மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். 1951-இல் எழுதியது. முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, தூக்கினால் நான்காகப் பிரிந்துவிடும் நிலையில் இருந்தது. விற்றவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை என்பதெல்லாம் வீட்டில் நூறு முறை பேசிய சங்கதிதான். என் கண் போய் நின்ற இடம் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதி.

'மில் காம்பவுண்டு சுவருக்கு மேற்கு, ரீலிங்கார அம்மாள் குடியிருக்கும் சாளைக்கு வடக்கு, இட்டேரிக்குக் கிழக்கு, கிணற்றுக்குப் போகும் வண்டித்தடத்துக்குத் தெற்கு, இதன் மத்தியில் மூன்றரை சென்ட்.'

கோவைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கள்ளியும் வேலிச்செடியும் மண்டிக்கிடக்க, நடுவே வண்டியும் ஆடுமாடும் போகிற தடம். சாளை என்றால் குடிசை வீடு. அந்த இட்டேரி இன்றைக்கு முப்பதடி தார் ரோடு, ஏதோ ஒரு 'நகர்' மூன்றாவது வீதி. கிணற்றை மூடி அதன்மேல் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். சாளை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. மிச்சம் இருப்பது சுவர் மட்டும். அதுவும் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கச் சுவர்.

பத்து வருடமாக நான் புலியகுளம், சிங்காநல்லூர், பீளமேடு பக்கத்துத் தெருக்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். அலுவலகம் போன நேரம் போக மீதி நேரத்தில் செய்கிற வேலைதான். நிறுவனங்களின் பொன்விழா மலர், வைரவிழா மலர் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். அவை எதிலும் கிடைக்காத ஒரு விஷயம் இந்த நான்கு வரியில் இருந்தது. 1951-இல் ஒரு பெண்ணை அரசாங்கப் பத்திரத்தில் அவள் செய்த வேலையை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். இன்னார் மகள், இன்னார் மனைவி என்று எழுதவில்லை. ரீலிங்கில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை அன்றைக்குப் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. அந்த அம்மாள் பெயர் தெரியாது, ஆனால் எந்த டிபார்ட்மெண்ட் என்று தெரிகிறது. மில் ஊர் என்றால் இதுதான்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கோவையின் வரலாறு என்று நாம் எழுதுவதும் பகிர்வதும் முக்கால்வாசி முதலாளிகளின் வரலாறு. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லைத் தொடங்கினார், 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸ் தொடங்கினார். அப்புறம் மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' ஆனோம். இதில் தப்பு எதுவும் இல்லை. அவர்கள் செய்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது மில்லின் முன் கேட் வழியாகப் பார்த்த ஊர். நான் வளர்ந்தது பின் சுவர்ப் பக்கம்.

பின் சுவர்ப் பக்கம் இருந்து பார்த்தால் கட்டடமே பேசும். பழைய மில் வளாகத்தில் முதலில் புகைபோக்கியைத் தேடுங்கள். இருந்தால், நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்குவதற்கு முன்னால், நீராவி எஞ்சினில் ஓடிய மில்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 1930களின் தொடக்கத்தில் அந்த மின்சாரம் வந்தபிறகு கட்டிய மில்லுக்குப் புகைபோக்கியே தேவைப்படவில்லை. அதன்பின் கூரையைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி. வடக்கே வைத்தால் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். நூல் காய்ந்தால் அறும், ஈரப்பதம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஊருக்குக் கொடுத்த சீதனம் அது. கரிசல் மண்ணில் பருத்தி, கணவாயில் காற்று, மலையில் மின்சாரம். முதலாளிகளின் சாமர்த்தியத்தைப் பேசும்போது இந்த மூன்றையும் கூடவே பேசினால் நன்றாக இருக்கும். ஒண்டிப்புதூரில் ஒரு மில்லுக்குக் கம்போடியா மில் என்று பெயர். சின்ன வயதில் அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பியிருக்கிறேன். கம்போடியா என்பது 1900களின் தொடக்கத்தில் நம் பக்கம் வந்து வேர்பிடித்த பருத்தி ரகம். அது வந்த கதையை ஒரு மில் தன் பெயரிலேயே வைத்திருந்தது.

அடுத்த ஆவணம் பஸ் ஸ்டாப். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவிநாசி ரோட்டில் 'ஹோப் காலேஜ்' என்று இன்றைக்கும் கண்டக்டர் கத்துகிறார். அங்கே அந்தப் பெயரில் காலேஜே இல்லை. 1945-இல் ஜி.டி. நாயுடு முயற்சியில், அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அது. பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய், இன்றைக்கு ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று இருக்கிறது. கல்லூரி போய்விட்டது, கவர்னர் போய்விட்டார், வெள்ளைக்காரனே போய்விட்டான், ஸ்டாப் மட்டும் போகவில்லை. அதே ரோட்டில் 'நவ இந்தியா' ஸ்டாப், அங்கிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழின் பெயர். சுங்கம் என்ற இடத்தில் ஒரு காலத்தில் சுங்கம் வசூலித்திருக்கிறார்கள். ரோட்டுக்குப் பெயர்ப்பலகை வைப்பது அரசாங்கம், ஸ்டாப்புக்குப் பெயர் வைப்பது ஜனங்கள். பலகையை மாற்றலாம், ஜனங்கள் வாயை மாற்ற முடியாது. புரூக் பாண்ட் ரோடு என்பதைக் கிருஷ்ணசாமி ரோடு ஆக்கி எவ்வளவோ காலம் ஆகிறது, ஆட்டோக்காரரிடம் புதுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது அந்த அவிநாசி ரோட்டின் மேலேயே 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம். எனக்கும் வசதிதான், தினமும் அதில்தான் போகிறேன். பெயரில் சாதி இருக்கலாமா கூடாதா என்று ஊரே சண்டை போட்டது. அந்தச் சண்டையில் ஒருவராவது, லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்ற பெயர்களையெல்லாம் வாயால் சொல்லாமலே ஒரு தலைமுறை இனி இந்த ரோட்டைக் கடக்கப் போகிறது என்று கவலைப்பட்டாரா? ஹோப் காலேஜைத் தொடங்கியவர் பெயரில் உள்ள பாலமே ஹோப் காலேஜைத் தாண்டிக்கொண்டு போகிறது.

இன்னொன்று, கோயில். நம் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் பல இருக்கின்றன. வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், 'பிளேக்' என்ற இங்கிலீஷ் சொல் சாமிக்கு முன்னால் எப்படி வந்தது என்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல வருடம் இந்த ஊரை அந்த நோய் திரும்பத் திரும்பப் பிடித்து ஆட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக் குடியிருந்த கதை பழைய குடும்பங்கள் எல்லாவற்றிலும் உண்டு. எந்த நெருக்கமான வீதியில் அந்த அம்மன் இருக்கிறாள் என்று ஒரு மேப்பில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், மருத்துவ அறிக்கை இல்லாமலே ஒரு சித்திரம் கிடைக்கும். நான் இதுவரை சில புள்ளிகள்தான் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள்.

ஆனால் எல்லா இடத்துக்கும் கோயிலோ ஸ்டாப்போ அமைவதில்லை. 1946 ஜனவரி 8 அன்று, ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், ஒரு கொலை வழக்கில் கோவை சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்களைச் சொல்கிறோம், நினைவிடமும் இருக்கிறது. அதே வருடம் டிசம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 11 பேர் செத்துப்போனார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதே சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததைச் சொன்னார்கள், அழைத்துப்போயும் காட்டினார்கள். இந்த இரண்டையும் ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. சங்கத்துக்காரர்கள் வருடாவருடம் கூடிப் பேசியிருக்காவிட்டால் நானும் கேள்விப்பட்டிருக்க மாட்டேன். மில் ரோட்டில் நகை வாங்கவும் உதிரிபாகம் வாங்கவும் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மில் ரோட்டின் மில் எது என்று.

காகிதத்துக்கு வருவோம். வில்லங்கச் சான்று இன்றைக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் 1975 வரைதான் பின்னே போகும். அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டு, ஆள் உட்கார்ந்து பழைய தொகுதிகளைப் புரட்ட வேண்டும். நான் ஒரு அலுவலகத்துக்கு இப்படி ஐந்து முறை நடந்தேன். ஐந்தாவது முறை அங்கிருந்தவர், "என்ன சார், கேஸ் ஏதாவது போடப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றேன். அதன்பிறகுதான் அவருக்குச் சந்தேகம் முற்றியது. சொத்தும் கேட்காமல், வழக்கும் போடாமல் ஒருத்தன் பழைய பத்திரத்தைப் படிக்க வருவான் என்பதை நம்ப முடியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதைவிடக் கொடுமை மில்களின் சொந்தக் காகிதம். 1974-இல் சட்டம் போட்டு நலிந்த பஞ்சாலைகளை அரசு எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்தவற்றில் நம் ஊர் மில்களும் உண்டு. 2020 ஊரடங்கில் நின்றதோடு சரி, மறுபடி முழுசாக ஓடவில்லை. தனியார் மில்கள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக மூடி வீட்டுமனையாகவும் மாலாகவும் மாறிவிட்டன. ஒரு மில்லை இடித்தபோது மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு, சம்பள லெட்ஜர், தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாடகைக் கணக்கு எல்லாம் எடைக்குப் போயின. நான் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது பழைய பேப்பர்க் கடையில் ஒரே ஒரு லெட்ஜர் மீந்திருந்தது, அதுவும் அட்டைக்காக. எந்திரம் பழைய இரும்பு, காகிதம் பழைய பேப்பர், நிலத்துக்கு மட்டும்தான் புது விலை. இடிக்க அனுமதி கொடுக்கும்போதே, உள்ளே இருக்கும் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைக்கச் சொல்லி ஒரு விதி வைத்தால் என்ன? அனுமதிக்கு நாற்பது சான்று கேட்கிறார்கள், நாற்பத்தொன்றாவதாக இதையும் கேட்கட்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் என்ன செய்கிறோம்? 'அந்தக் காலத்துக் கோயமுத்தூர்' என்று கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்து பெருமூச்சு விடுகிறோம். போன வாரம் ஒப்பணக்கார வீதி என்று சுற்றிய படத்தில் டிராம் தண்டவாளம் ஓடுகிறது. நம் ஊரில் டிராம் எங்கே ஓடியது? சுட்டிக்காட்டினால், 'எஞ்சாய் பண்ணுங்க ப்ரோ' என்கிறார்கள். எஞ்சாய் பண்ணலாம், ஆனால் அதற்கு வரலாறு என்று பெயர் வேண்டாம்.

நானும் யோக்கியன் இல்லை. வயதான மில் தொழிலாளி ஒருவரிடம் முதன்முதலில் பேசப் போனபோது, பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி நோட்டை விரித்து, "ஐயா, இந்த மில் எந்த வருசம் ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அதை மொதலாளியைப் போய்க் கேளு கண்ணு. சங்கு எத்தனை மணிக்கு ஊதும்னு கேளு, சொல்றேன்" என்றார். கேட்டேன். மூன்று மணி நேரம் சொன்னார். பகல் ஷிப்டுக்கு எப்போது ஊதும், அரை நைட் விடும்போது எந்த டீக்கடை திறந்திருக்கும், எந்தச் சங்கு எந்த மில்லுடையது என்று சத்தத்தை வைத்தே எப்படிச் சொல்வார்கள், சம்பள நாளன்று கடன்காரர்கள் எந்த மூலையில் நிற்பார்கள், அவர்களுக்குத் தப்பித்துப் போக எந்தச் சந்து. இன்றைக்குப் பார்த்தால் அர்த்தமே இல்லாமல் வளைந்து ஓடுகிற சந்து அது. கூகுள் மேப்பில் பெயர்கூடக் கிடையாது. அவர் சொன்னபிறகு அதன் வழியாக ஒருமுறை நடந்து பார்த்தேன். மெயின் ரோட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் நேராக லைன் வீடுகளுக்குப் பின்னால் போய் முடிகிறது.

பெரியவர் இப்போது இல்லை. நோட்டு இருக்கிறது.

பெரியப்பா வீட்டுக்குப் புதுக் கிரயப் பத்திரம் எழுதும்போது பத்திர எழுத்தர், கிழக்கு எல்லைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரைப் போட்டிருந்தார். அதோடு 'பழைய மில் காம்பவுண்டு சுவர்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன். தேவையில்லைங்க, சர்வே நம்பர் இருந்தால் போதும் என்றார். வாங்குகிறவருக்கு ஆட்சேபணை இல்லை, எழுதுங்கள் என்றேன். மேற்கே, 'இட்டேரியாக இருந்து தற்போது வீதி' என்று போடச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் டைப் அடிக்கிற பையனிடம் திரும்பி, "இட்டேரிக்கு பெரிய 'றி'யா சின்ன 'ரி'யாடா?" என்று கேட்டார். பையனுக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. சின்ன 'ரி' என்று நான்தான் சொன்னேன்.