மாடு வச்சவன்தான் கிடைச்சானா?

அந்த வீடியோவை எனக்கு அனுப்பறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. பார்த்துட்டேன். "மசினகுடியில மாட்டுப்பட்டியை எல்லாம் காலி பண்ணினாத்தான் பாறு கழுகு பிழைக்கும்"னு ஒருத்தர் ரிசார்ட் பால்கனியில காபியோட உக்காந்து சொல்றார். பின்னாடி மாயாறு பள்ளத்தாக்கு. சீன் நல்லாத்தான் இருக்கு.

ஐயா, பாறு எதைத் தின்னு வாழுது? புலி விட்ட மிச்சத்தையும் செத்த மாட்டையும்தான். நாட்டுல வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல அழிஞ்சது மாட்டால இல்லை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்ங்கற வலி ஊசியால. அந்த மாட்டைத் தின்ன பாறுக்கு சிறுநீரகம் போயிடும். 2006ல கால்நடைக்குத் தடை பண்ணினாங்க. மனுஷனுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போச்சு. 2015ல அதை 3 மில்லியாச் சுருக்கினாங்க. அதே மாதிரி பாறைக் கொல்ற வலி மருந்துங்க கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபினாக்கையும் மாட்டுக்குத் தடை பண்ண 2023 ஆச்சு. இதெல்லாம் எங்க பட்டியிலயா தயாராச்சு? மாடு வச்சவன் மேல மட்டும் ஏன் பாயறீங்க?

எங்கப்பா பட்டி வச்சிருந்தார். மாடு செத்தா ஓடைப்பக்கம் இழுத்துப் போட்டுடுவார். மருத மரத்துலேர்ந்து பாறு ஒவ்வொண்ணா இறங்கும். "பெருசுங்க வந்துடுச்சு, நாயைப் பிடிச்சுக் கட்டுடா"ம்பார். அவரைத்தான் இன்னிக்கு நீங்க காட்டுக்கு எதிரிங்கறீங்க.

"அப்போ மாட்டை அடிச்ச புலியைக் கொல்ல, செத்த மாட்டுல விஷம் வைக்கிறது சரியா?"ன்னு கேப்பீங்க. சரியில்லை. 2023ல அவலாஞ்சி பக்கம் விஷம் வச்ச மாட்டைத் தின்னு ரெண்டு புலி செத்தப்போ எனக்கும் வயிறு எரிஞ்சது. வச்சவனை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ள போடுங்க, யாரு வேண்டாம்னா?

"அதான் இழப்பீடு தர்றாங்களே?" தர்றாங்க. போட்டோ, டாக்டர் சர்டிபிகேட், கையெழுத்து, பாஸ்புக் ஜெராக்ஸ், மறுபடி கையெழுத்து. புலி அடிச்ச எங்க மாட்டுக்குப் பணம் வந்தப்போ அது விட்டுட்டுப் போன கன்னுக்குட்டியே கன்னு போட்டுடுச்சு. மாடு செத்த வாரமே காசு கையில வந்தா விஷ பாட்டிலைத் தேடறவன் பாதி குறைவான். இதைச் சொன்னா லைக் வராது, தெரியும்.

சட்டம்தானே பேசறீங்க? யானை வழித்தடம்னு 2010ல அரசாணை போட்டு, 2020ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொன்ன ஊரு இது. உங்க பால்கனி அதுல எந்தப் பக்கம் இருக்கு? அதுக்கும் ஒரு வீடியோ போடுங்களேன். ராத்திரி லைட்டு அடிச்சுக்கிட்டுப் போற ஜீப்பு எந்தப் பட்டியிலேர்ந்து கிளம்புது? மாடு ஓட்டறவனுக்கு மட்டும் காடு, காசு குடுக்கறவனுக்கு வியூ பாயிண்ட்டா?

கமெண்ட்ல திட்ட வர்றவங்க வெண்முதுகுப் பாறுக்கும் கருங்கழுத்துப் பாறுக்கும் வித்தியாசம் சொல்லிட்டுத் திட்டுங்க, பதில் சொல்றேன். எங்கப்பாவை இழுத்தா பிளாக்தான்.