மல்டிகாஸ்ட்டில் ஒரு மெத்தட் சறுக்கினால்?

சி ஷார்ப் நிரல்மொழியின் டெலிகேட் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். டெலிகேட் என்பது மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) சுட்டும் ஒரு டைப், += போட்டால் பல மெத்தட்களை அதில் சேர்க்கலாம், அதுதான் மல்டிகாஸ்ட் என்று அது தெளிவாகச் சொல்கிறது. சி ஷார்ப் புதிதாகப் படிப்பவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் அந்த டெலிகேட்டைக் கூப்பிடும்போது என்ன நடக்கும் என்பதையும் அவசியம் சொல்லியிருக்க வேண்டும். நிஜ வேலையில் அடி விழுவது அங்கேதான்.

ஆர்டர் முடிந்ததும் ஓட மூன்று மெத்தட்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: லாக் எழுத ஒன்று, மெயில் அனுப்ப ஒன்று, ஸ்டாக்கைக் குறைக்க ஒன்று. சேர்த்த வரிசையிலேயே ஓடும். நடுவில் மெயில் மெத்தட் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) எறிந்தால் மூன்றாவது ஓடவே ஓடாது. லாக்கில் ஆர்டர் பதிவாகியிருக்கும், ஸ்டாக் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும். இதற்கு கெட்இன்வொகேஷன்லிஸ்ட் (GetInvocationList) மூலம் சேர்த்த மெத்தட்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் பிழையைப் பிடிக்கும் தனித்தனி ட்ரை-கேட்ச்சுக்குள் கூப்பிட வேண்டும். கொஞ்சம் கூடுதல் நிரல்தான், ஆனாலும் தயங்காமல் எழுதுங்கள்.

ரிட்டர்ன் வேல்யூ இருந்தால் கடைசி மெத்தட் தருவது மட்டுமே கைக்கு வரும். மல்டிகாஸ்ட்டுக்கு எதையும் திருப்பித் தராத வாய்டுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

அப்புறம் லாம்டா, அதாவது பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் மெத்தட். += போட்டுச் சேர்த்த லாம்டாவை, அதே வரியைத் திரும்ப எழுதி -= போட்டு நீக்க முடியும் என்று நம்ப வேண்டாம். முதலிலேயே ஒரு வேரியபிளில் வைத்து, அதையே நீக்குங்கள். ஈவென்ட்டில் (ஏதாவது நடந்ததும், சேர்ந்திருக்கும் மெத்தட்களை டெலிகேட் வழியாகக் கூப்பிடும் ஏற்பாடு) சேர்த்ததை நீக்காமல் விட்டால், ஈவென்ட் வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை, சந்தா சேர்ந்த ஆப்ஜெக்ட்டையும், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் தொடாது. கட்டுரையாளரே, ஈவென்ட் பற்றி எழுதும்போது இதை விரிவாகச் சொல்லுங்கள்.