துரை வீட்டுக்கு டிக்கெட், லயத்துக்கு புல்டோசர்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பத்து காஜா பக்கம் வருகிறவர்கள் கெல்லி மாளிகையைப் பார்க்காமல் போவதில்லை. தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய வேலை, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. கட்ட வந்த நம்மாட்கள் பலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோன பிறகு எழும்பிய மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரையில் துரைக்கும் ஒரு சிலை உண்டு! முடியாத வீடு பாரம்பரியம் ஆகிவிட்டது, சரி. அந்த ஆட்கள் குடும்பம் நடத்திய லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள், எங்கே?

எங்கள் தோட்டத்தில் மிச்சம் நிற்பது ஒரே ஒரு லயம். அதையும் தள்ளிவிட்டு 'பசுமை வீடுகள்' வரப்போகிறதாம்.

லயத்தைப் புகழ்ந்து பாட்டுப் பாட நான் வரவில்லை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டு மாமியார் சண்டை மூன்றாம் வீடு வரை கேட்கும். மத்தியானம் தகரம் கொதிக்கும். கக்கூசுக்கு இருட்டில் வெளியே ஓட வேண்டும். "இந்தக் கஷ்டத்தையா தம்பி காட்சிக்கு வைக்கப் போறே?" என்று தோட்டத்து அண்ணன் ஒருவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால் கட்டிய விதத்தைப் பாருங்கள். தரைக்கு மேலே தூண்களில் நிற்கிறது. அடைமழையில் தண்ணீர் அடியில் ஓடிவிடும். இறவாணத்தின், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பின், கீழே விட்ட இடைவெளியில் சூடு வெளியேறும். முன்னால் அஞ்சடி என்கிற நீண்ட திண்ணை நடை இருப்பதால் வெயில் நேராகச் சுவரில் விழாது. பலகையில் இன்றைக்கும் ஆணி இறங்க மறுக்கிறது.

புதிய வீட்டு மாதிரியையும் பார்த்தேன். தாழ்ந்த கூரை, மேற்கு வெயில் வாங்கும் மொட்டைச் சுவர், அறைக்கு அறை ஏர்கோன். மேலே நாலு சோலார் தகடு ஒட்டினால் பசுமையா? உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்டு தயாரிப்பிலிருந்து வருகிறது. நல்ல மரத்தை உடைத்து லாரியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் சிமெண்டு கொட்டுவதை நான் பசுமைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அருங்காட்சியகமும் வேண்டாம். தகரத்துக்கு அடியில் வெப்பத்தடுப்பு, உள்ளே கழிப்பறை, புதிய மின்கம்பி, அதுபோதும். பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பும் முதியோருக்கு உட்கார இடமும் அங்கேயே நடக்கட்டும். புதிய வீடுகளுக்கும் அகன்ற இறவாணம் கேட்போம்.

2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி ஒரு இடத்தைப் பதியச் சொல்லி யாரும் முன்மொழியலாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். வரைபடத்தைக் கேட்டு வாங்கப் போகிறோம். பழைய பலகை வேலை தெரிந்த தச்சர் யாரும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்கு இல்லாமல் போனால் பேச விடமாட்டார்கள்.