ஆறு மணின்னா ஆறு மணிக்கு வாங்கப்பா

ராயக்கோட்டை மலை ஏறலாம் என்றால் குரூப்பில் எல்லோரும் உடனே கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். காலை ஆறு மணி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு என்று முடிவாகிறது. ஆறரைக்கு ஒருவர் "இப்பதான் எழுந்தேன்" என்கிறார். இன்னொருவர் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறாராம். அப்புறம் அடிவாரம் போய்ச் சேரும்போது மணி பத்து.

அது பாறை மலை. வெயில் ஏறிவிட்டால் கை வைத்த இடமெல்லாம் தோசைக்கல் மாதிரி சுடும். 1791-இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. மதிலையும் இடிந்த கட்டடங்களையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டாமா? மேலே பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் சுனைத் தண்ணீர் என்றால் எனக்கு உயிர். காலை வெளிச்சத்தில் வானம் அப்படியே அதில் தெரியும். அதற்காகத்தானே போகிறோம்! பத்து மணிக்கு ஏறினால் பாதி வழியிலேயே பாட்டில் காலி. "போதும், இறங்கிடலாம்" என்று முதலில் சொல்பவரும் தாமதமாக வந்தவர்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

வர முடியாதென்றால் முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். இனிமேல் யாருக்காகவும் காத்திருப்பதாக இல்லை; நேரத்துக்கு வந்தவர்களோடு பஸ் ஏறிவிடுவேன்.