எலியின் கல்லீரலும் நம் கல்லீரலும்

ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் கொழுப்பு) என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும். பப்பாளி விதை, திராட்சை விதை, கருஞ்சீரகம் என்று ஆளுக்கொரு பொடியோடு சொந்தபந்தம் வந்து நிற்கிறது. “ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறதாம், ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம்!”

அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் சோதனைக்குழாய். டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் விதைச்சாற்றை விடுவார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறதென்று பாஸ். தேநீர் விட்டாலும் மஞ்சளாகத்தான் மாறும்! அடுத்தது எலி. சில நாட்கள் சாற்றைப் புகட்டிவிட்டு, கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுக் கரைப்பானைக் கொடுப்பார்கள். கல்லீரல் அதை உடைக்கும்போது கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல்கள் (ஆன்டிஆக்சிடன்ட் அடக்குவதாகச் சொல்லப்படும் முரட்டு மூலக்கூறுகள்) செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும், கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதி ரத்தத்தில் எகிறும். சாறு குடித்த எலிக்கு அவ்வளவு ஏறாது. கட்டுரை தயார்.

எலிக்கு விஷம் வைக்கும் தேதி முன்பே தெரியும், அதனால் மருந்து முந்திக்கொள்கிறது. நமக்கு அப்படியா? இந்தக் கணக்கை நம்பித்தான் சிலர் மது விருந்துக்குக் கிளம்பும் முன் கல்லீரலைக் காக்குமென்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த எலிச் சோதனைகளில் ஒப்பீட்டுக்கு வைப்பது பெரும்பாலும் சிலிமரின். மத்தியதரைக்கடல் பகுதியின் மில்க் திசில் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுப்பது. அதை நான் மட்டம் தட்டமாட்டேன். நச்சுக் காளானைத் தின்றுவிட்டு வருபவர்களுக்கு, சிலிமரினிலுள்ள சிலிபினின் என்ற பொருளை ஐரோப்பிய மருத்துவமனைகளில் ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். காளானின் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைவதை அது தடுக்கிறது. ஆனால் வாய்வழி மாத்திரை குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் கல்லீரல் நோயுள்ள 154 பேருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் சிலிமரினையோ வெற்று மாத்திரையையோ 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்ஜிபிடி அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. பெரிய அண்ணன் சிலிமரினின் கதையே இதுவென்றால், மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்படாத பப்பாளி விதைப் பொடியை எந்த நம்பிக்கையில் காசு கொடுத்து வாங்குவது?

காசோடு போனால்கூடப் பரவாயில்லை. கார்போக அரிசியும் விதைதான். வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து. அதை உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரைக்கும் அதே புகார். இரண்டிலும் ஆன்டிஆக்சிடன்ட்டுக்குக் குறைவில்லை.

கண் மஞ்சளாகி டாக்டரிடம் போகும்போது, “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, “நாட்டு மருந்துதானே” என்று பொடியை மட்டும் விட்டுவிடுகிறோம். முடிந்தால் அந்த டப்பாவையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.