முதுகுதானே தெரிகிறது?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டத்தின் படம்: வட்டமாகப் போட்ட நாற்காலிகள், பத்துப் பன்னிரண்டு முதுகுகள், மேலே "திருந்திய உள்ளங்களுக்கு ஒரு சல்யூட்" என்ற வாசகம். எடுத்துப் போட்டவர் என் பதிவுகளைப் படிப்பவர். அவருக்குத்தான் சொல்கிறேன்: அதை நீக்கிவிடுங்கள்.

"முதுகுதானே தெரிகிறது" என்று நேற்று பதில் போட்டிருந்தீர்கள். ஆபீசில் பின் சீட்டில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு போதாதா? ஒரு கோடு போட்ட சட்டை போதும், ஒரு வழுக்கை போதும்.

அது திறந்த கூட்டம்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். ஆமாம். மூடிய கூட்டம் என்றால் குடியை நிறுத்த நினைப்பவர்கள் மட்டும் வரலாம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள வருபவர்கள் என யாரும் வரலாம். கதவு ஆளுக்குத்தான் திறந்தது, கேமராவுக்கு இல்லை. அங்கே பார்த்ததும் கேட்டதும் அங்கேயே இருக்க வேண்டும். இது ஒன்றைத்தான் அந்த அறை உங்களிடம் கேட்டது.

அந்தக் கதவு வரைக்கும் வருவது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? என் கதையைச் சொல்கிறேன். நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். எதிர்முனையில் "வணக்கம்" என்றதும் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து முகவரியைத் தேடிப் போனேன். அது பழைய பட்டியல், அறை பூட்டியிருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 'நான் முயற்சி பண்ணினேன், அவர்கள்தான் இல்லை' என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கு இரண்டு மடங்கு குடித்தேன். குடிப்பவன் கணக்கு அப்படித்தான் இருக்கும். (கூட்டம் தேடுபவர்களுக்கு: கிளம்பும் முன் அந்த நம்பருக்கு ஒருமுறை பேசி, நேரமும் இடமும் மாறவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

அடுத்த முறை சரியான இடத்துக்கே போனேன், ஆனால் வாசலை மூன்று தடவை கடந்து போனேன். போனில் பேசுவதுபோல் நடித்தேன். உள்ளே போனதும் ஒரு பெரியவர் "உட்காருங்க" என்றார், அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை. இரண்டு வாரம் நான் வாய் திறக்கவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அன்றைக்கு ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நான் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷமும் எனக்கு இருந்திருக்காது.

1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், போன வேலை கெட்டுப்போய், ஒரு ஹோட்டல் கூடத்தில் பில் வில்சன் என்பவர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். அப்படித்தான் தன்னைப்போலக் குடியோடு போராடிய டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கேதான் பிறந்தது. பெயரிலேயே 'அனானிமஸ்', அதாவது 'பெயர் சொல்லாதவர்கள்', இருக்கிறது ஐயா. அலங்காரத்துக்கா வைத்தார்கள்?

"இதெல்லாம் சாமி கும்பிடும் கூட்டம், அறிவியல் இல்லை" என்று ஒரு நண்பர். சாமி பேச்சு ஒத்துவராதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போன்ற வேறு கூட்டங்கள் இருக்கின்றன. அறிவியல் வேண்டுமென்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏஏ வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. "டாக்டரிடம் போகலாமே" என்பதும் சரிதான், போக வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரும் வேண்டும், கூட்டமும் வேண்டும். சண்டை எங்கே இருக்கிறது?

என்னைக் குத்தியது இன்னொரு கேள்வி: "நோய்தானே என்கிறீர்கள், அப்புறம் ஏன் ஒளிகிறீர்கள்?" எழுதியவர் நல்லவர், தெரியும். ஆனால் நான் ஒளியவில்லை. என் பெயரோடு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி நான் சொல்வது என் உரிமை, பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றிச் சொல்வது என் உரிமை இல்லை. நான் வெளிப்படையாகச் சொன்னதற்கு என்ன கிடைத்தது, அதையும் கேளுங்கள். வீட்டு விசேஷங்களில் என்னை "இவன் இப்போ குடிக்கிறதில்லை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். என் வேலை, என் பிள்ளைகள், எதுவும் வருவதில்லை. கொஞ்சம் தலைவலி என்று படுத்தால் வீட்டில் முகம் மாறுகிறது. சல்யூட் அடித்தவர்களே, குடித்த காலத்தில் என்னோடு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று என்னைக் கூப்பிடுகிறீர்கள்? சரி விடுங்கள், அது வேறு பேச்சு.

படத்தில் இருந்த ஒருவர் நேற்றிரவு கூப்பிட்டார். வேறு ஏரியாவில் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுதினால் நானும் அதே வேலையைச் செய்தவன் ஆவேன். தேடிப் பிடித்துவிட்டேன், வியாழக்கிழமை மாலை, இரண்டு பஸ் மாற வேண்டும். நானும் கூடப் போகிறேன். யாருக்காவது கூட்டம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், கமெண்டில் கேட்காதீர்கள்.