யார் செலவில் சீஷத்துவம்?

அலுவலகத்தில் கொடுக்கும் ஆயுத பூஜைப் பொரியை வேண்டாம் என்று சொன்னதைச் சிலுவை சுமந்ததாக நம் விசுவாசிகள் எழுதும் பதிவுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொரி வாங்குவதும் வாங்காததும் அவரவர் மனசாட்சி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதனால் நமக்கு என்ன நஷ்டம்? பக்கத்து மேஜைக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டாரே (லூக்கா 14), அது சீஷத்துவத்தின், அதாவது அவரைப் பின்பற்றி நடப்பதன் விலையைப் பற்றி, இந்தச் சில்லறையைப் பற்றி இல்லை. வட்டியும் ஐந்தொகை என்கிற வரவு செலவுக் கணக்கும் பேசியே வளர்ந்த செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்த ஒரு கணக்கை மட்டும் நாம் ஏன் இவ்வளவு மேலோட்டமாகப் பார்க்கிறோம்?

செலவு என்றால் எனக்கு எங்கள் சபையில் இருக்கும் ஒரு அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருகிறார். காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், அவ்வளவு பெரிய வீட்டில் வயதான ஆச்சி மட்டும் இருப்பார், பெல்ஜியம் கண்ணாடி, மங்கு ஜாடி, எனாமல் தூக்கு, மரவை எல்லாம் இரண்டாங்கட்டு அறையில் தூசி படிந்து கிடக்கும். விற்கிறவருக்கு விலை தெரியாது, வாங்குகிறவருக்குத் தெரியும். லாபம் முழுக்க அந்த இடைவெளியில்தான்.

ஒரு தடவை நானும் அவரோடு போயிருந்தேன். ஆளுயரக் கண்ணாடி, ஓரத்தில் லேசாக ரசம் போயிருந்தது, சட்டம் பர்மா தேக்கு. ஆச்சி எட்டாயிரம் கேட்டார். அண்ணன் சட்டத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது கடையில நாப்பதுக்குக் குறையாமப் போகும். நான் முப்பது தர்றேன், வண்டிக்கூலி என்னோடது. வேற ஆள்கிட்டயும் கேட்டுப் பாத்துக்கங்க" என்றார். ஆச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "என்ன தம்பி, நான் கேட்டதுக்கு மேல தர்றேங்கிறிய, இதுல வேற என்னமும் இருக்கா?" என்றார். கடைசியில் வேறு ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு விசாரித்து, அந்த ஆளுக்கே கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு டீசல் காசு போனதுதான் மிச்சம். வீடு காட்டுகிற தரகர் அதற்கப்புறம் இவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார், ரேட்டைக் கெடுக்கிற ஆள் என்று பேச்சு. இது ஒரு நாள் கஷ்டம் இல்லை, கடைக்கு வருகிற சரக்கே குறைந்துபோன கஷ்டம். அவர் இதைச் சாட்சிக் கூட்டத்தில் எழுந்து சொன்னதும் கிடையாது.

வரி வசூலித்த சகேயு இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியதை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். இறங்கி வந்த பிறகு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றானே, அதைப் பெரியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

சரி, பணத்தையாவது சிலர் விட்டுவிடுகிறார்கள். சாதியை விடுகிறவர்கள் எத்தனை பேர்? இதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனம் வராது. தலித் குடும்பத்திலிருந்து ஒருவர் கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதியே அவருக்குப் போய்விடும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் அந்த ஆணைக்குள் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு, ஆனால் கல்லூரியிலும் வேலையிலும் எஸ்.சி. இட ஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. அவர் இயேசுவுக்காகக் கொடுத்த விலை இது. அதே சபையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம், சொத்தும் சாதிப்பெயரும் அப்படியே இருக்க, "விசுவாசியான பொண்ணுதான் வேணும், ஆனா நம்ம ஆளுகளா இருக்கணும்" என்கிறோம். ஒருவருக்கு ஞானஸ்நானம் வாழ்நாள் முழுக்க நஷ்டம், இன்னொருவருக்கு அதே ஞானஸ்நானம் இலவசம். ஒரே அப்பத்தில் பங்கு வாங்குகிறவர்களுக்குள் இது எப்படி நியாயமாகும்?

ஓரியூர் நமக்குப் பக்கம்தான், திருவாடானைப் பக்கம். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தரை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1647-இல் லிஸ்பனில் பிறந்து, போர்த்துகல் இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்து, அதையெல்லாம் விட்டுவிட்டு ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமையில் பண்டாரசாமி கோலத்தில் நடந்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். காரணம் வேதாந்த விவாதம் இல்லை, ஒரு வீட்டு விவகாரம். ஞானஸ்நானம் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம் ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்றார், அவரும் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் போய் முறையிட, பெரும் துன்புறுத்தல் கிளம்பியது. திருமணம், உறவு, வீடு இவற்றில் விசுவாசம் கைவைக்கும்போதுதான் உண்மையான விலை தொடங்குகிறது என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கிற சாட்சி அது.

ஆனால் அந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. விலக்கப்பட்ட அந்தப் பெண்கள். தடியத்தேவரின் மனமாற்றத்துக்கு அருளானந்தர் உயிரைக் கொடுத்தார், சரி. அந்தப் பெண்கள் கொடுத்த விலையை யார் எழுதி வைத்தார்கள்? அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. "தேவன் கூப்பிட்டார்" என்று ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறார், சபையில் எல்லோரும் அவர் தியாகத்தைப் பேசுகிறார்கள், அவர் மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, பெரிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டவில்லை. அழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. சிலுவையை எடுப்பது நான், சுமப்பது என் வீட்டில் இருக்கிறவர்கள் என்றால் அதை என் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தப் பழைய சாமான் அண்ணன் வீட்டில் அண்ணி ஒத்துக்கொண்டுதான் இது நடக்கிறது, அதனால்தான் அவரை இவ்வளவு மதிக்கிறேன்.

எங்கள் சபையில் வரன் தேடுகிறவர்களுக்கு ஒரு படிவம் தருகிறார்கள். அதில் பெயர், படிப்பு, ஞானஸ்நானம் எடுத்த தேதிக்குக் கீழே "சாதி / உட்பிரிவு" என்று ஒரு கட்டம். அதை எடுத்துவிடுங்கள் என்று மூப்பர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. என் மகளின் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தோம். வருகிற வரன் குறையும், சொந்தத்தில் பேச்சு நிற்கும், அதைத் தாங்கப் போகிறவள் அவள்தான் என்பதால் முதலில் அவளிடம்தான் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பெரியப்பா வீட்டில் இப்போது எங்களோடு பேசுவதில்லை. உங்கள் சபையிலும் அப்படி ஒரு கட்டம் இருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள், ஆனால் வீட்டில் கேட்டுவிட்டு.